நிதானமாக வாழ நேரமில்லை

ஓய்வு பெற்றதும் எங்கள் வீட்டுக்காரர் எடுத்த முதல் முடிவு, இனி நிதானமாக வாழ்வது. காலையில் பேப்பர், மதியம் தூக்கம், அவ்வளவுதானே என்று நினைத்தேன். அவர் கணக்கில் நிதானம் என்றால் மாடித்தோட்டமாம். விளைந்ததைச் சாப்பிடுவோம், கடைக்கு ஓட வேண்டாம், அவசரமே இருக்காது என்றார். அன்றிலிருந்து கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டைவிடப் பரபரப்பான வீடு வேறு இல்லை.

ஆடிப்பட்டம் தேடிக் கத்தரி, தக்காளி, புடலை என்று விதைத்தார். புடலைக்குப் போட்ட பந்தலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறியபோது கடலூரில் இருந்த மனிதர் அவர். இரும்புக் குழாய் நட்டு, கம்பியை முறுக்கி முறுக்கிக் கட்டிய அந்தப் பந்தலில் புடலங்கொடி என்ன, யானையையே தொங்கவிடலாம்.

அடுத்தது செடிகளுக்கு உரமாக ஊற்றும் மீன் அமிலம். முதுநகர்ப் பக்கம் போய் மீன் வெட்டுகிறவர்களிடம் தலை, குடல், செதில் எல்லாம் வாங்கிவந்தார். அதற்கு எடைக்கு எடை வெல்லம் சேர்க்க வேண்டும். எந்த வெல்லம்? நான் அதிரசத்துக்கு வாங்கி வைத்திருந்த வெல்லம். மூடி வைத்து மூன்று வாரம் போனால் நாற்றம் போய்ப் பழவாசனை வருமாம். பழவாசனைக்கு முன்னால் பூனைகள் வந்தன. தண்ணீர்த் தொட்டியின் மேல் வரிசையாக உட்கார்ந்து வாளியையே பார்த்துக்கொண்டிருந்தன. இவர் எதிரே நாற்காலி போட்டு, கையில் கம்போடு அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். மதியத் தூக்கம் அத்தோடு ஒழிந்தது.

இரவுத் தூக்கத்தைப் புடலை பார்த்துக்கொண்டது. அதன் பூ பொழுது சாய்ந்த பிறகுதான் விரியும். வெள்ளை இதழின் ஓரமெல்லாம் நூல் நூலாகப் பிரிந்து நிற்கும். முதலில் வருவதெல்லாம் ஆண் பூ. பெண் பூவுக்கு அடியில் விரல் நீளத்துக்கு ஒரு பிஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கும். மகரந்தம் சேர்க்க விட்டிலை நம்பினால் ஆகாது என்று இவரே டார்ச்சோடு மாடியேறி, ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தடவிக்கொண்டிருந்தார். தெருவில் போன யாரோ "திருடன்!" என்று கத்த, நான்தான் ஓடிப்போய், திருடன் இல்லை, புரோகிதர் என்று சொல்ல வேண்டியதாயிற்று.

தக்காளி அணிலுக்குப் போயிற்று, கத்தரி மாவுப்பூச்சிக்கு. புடலை மட்டும் காய்த்தது. காய்த்துக்கொண்டே இருந்தது. சுருளாமல் நீள வேண்டும் என்று ஒவ்வொரு காயின் நுனியிலும் கல் கட்டினார். கயிறு தீர்ந்ததும் என் பழைய நீலச் சேலையைக் கிழித்துக் கட்டினார். கூட்டு, பொரியல், பஜ்ஜி, விதையை வதக்கித் துவையல் என்று நானும் என்னென்னவோ செய்தேன். பேரன் தொலைபேசியில், "லீவுக்கு அத்தை வீட்டுக்குப் போகிறேன், பாட்டி" என்றான்.

அக்கம்பக்கத்தில் கொடுத்தோம். எதிர்வீட்டு அக்கா பதிலுக்கு முருங்கைக்காய் கொடுத்தார். பிறகு அவர் வீட்டுக் கதவு நாங்கள் கேட்டைத் திறக்கும்போதே மூடிக்கொள்ளத் தொடங்கியது.

கடைசியில் கூடையோடு வரும் காய்கறிக்கார அம்மாவிடம்தான் சரணடைந்தோம். ஒரு கட்டுப் புடலங்காயை எடுத்துக்கொண்டு, ஒரு கிலோ தக்காளியும் கொஞ்சம் கத்தரியும் கொடுத்துவிட்டுப் போனார். இவருக்குப் பெருமை தாங்கவில்லை. "பார்த்தாயா, காசே இல்லாமல் வாழலாம்!"

அன்று சாயங்காலமே எதிர்வீட்டு அக்கா என்னைக் கூப்பிட்டு ஒரு புடலங்காயைத் தூக்கிக் காட்டினார். நுனியில் நீலத் துணி தொங்கியது.

"கூடைக்காரியிடம் நாற்பது ரூபாய்க்கு வாங்கினேன். எவ்வளவு பிஞ்சு பாருங்கள்! உங்கள் வீட்டுக்காரரை இந்த விதையை வாங்கிப் போடச் சொல்லுங்கள்."