மலையகத்துக்குத் தூண்டில் பயணம்: ஆயத்தம் இதுவரை

வாடைக்காற்று எழும்பினால் திருகோணமலைக் கடலில் தூண்டில் போடுவது பெரும்பாலும் வீண். அதே காற்று ஓயும் நேரத்தில், தை பாதியிலிருந்து பங்குனி வரை, மலையகத்தின் மேற்குச் சரிவில் மழை குறைவு. அதனால் கெண்டை பிடிக்கும் பயணம் மாசிக்கு. வைகாசியில் தென்மேல் பருவமழை தொடங்கினால் ஆறும் நீர்த்தேக்கமும் கலங்கிவிடும்.

இடத்தெரிவு முடிந்துவிட்டது: நுவரெலியாவில் கிரகரி வாவி, பிறகு கொத்மலை நீர்த்தேக்கம், நேரம் மிஞ்சினால் மவுசாகலை நீர்த்தேக்கம். (கொத்மலை ஓயா சேரும் மகாவலிதான் நம் திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில் வந்து விழுகிறது.) ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளில் ஆங்கிலேயர் காலத்தில் விட்ட ரெயின்போ ட்ரவுட் மீன் உண்டு. ஆனால் அது தேசியப் பூங்கா. வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி கையில் இல்லாமல் தூண்டிலை வாகனத்தில் ஏற்றவே கூடாது, ஆகவே திட்டத்தில் இல்லை. மவுசாகலை மின் உற்பத்தித் தரப்பின் பொறுப்பு, கொத்மலை மகாவலி அதிகார சபையின் பொறுப்பு. இரண்டிடமும் முன்கூட்டியே கேட்க வேண்டும். அணைக்கட்டுக்குக் கீழே எந்த நிலையிலும் நிற்க வேண்டாம். நீரைத் திறந்தால் ஆறு சடுதியாக ஏறும்.

கடல் சாமான் அங்கே உதவாது. பாரைக்கு வைத்திருக்கும் விறைத்த றொட்டில் (தூண்டில் தடியில்) 7 கிராம் ஸ்பூனை, அதாவது கரண்டி வடிவப் போலி இரையை, எறிந்தால் அது காலடியில்தான் விழும். அந்த எடைக்கு றொட் வளையாது. 7 அடி, இரண்டு துண்டு, மெல்லிய றொட். 2500 அளவு றீல். 10 இறாத்தல் பிறேய்ட் (பின்னல் நூல்). நுனியில் ஒரு பாகம் நீளத்துக்கு 0.28 மில்லிமீற்றர் தங்கூசி (நைலோன் நூல்). பிறேய்டைத் தளர்வாகச் சுற்றினால் மூன்றாம் நான்காம் எறிதலில் கொத்தாகக் கிளம்பிச் சிக்கும். ஈரத்துணியால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுற்றினால் அந்தத் தொல்லை இல்லை. றீலின் பிடியை ஏறத்தாழ ஒரு கிலோ இழுவையில் நூல் விடும்படி வைத்தாயிற்று. கெண்டை முதல் ஓட்டத்திலேயே அறுப்பது பிடி இறுகியிருந்தால்தான்.

தூண்டில் முள் 6 அல்லது 8ஆம் இலக்கம். கெண்டை இரையை உறிஞ்சிப் பார்த்துத் துப்பும் மீன். தடித்த கடல்முள்ளின் பாரம் தெரிந்தால் உடனே துப்பிவிடும்.

அதிக நேரம் எடுத்தது இரை மாவுதான். கோதுமை மா இரண்டு கோப்பை, அரிசித் தவிடு ஒரு கோப்பை, கனிந்த கதலிப்பழம் ஒன்று, பெருஞ்சீரகத் தூள் ஒரு தேக்கரண்டி. சுடுநீர் தெளித்துப் பிசைந்து, துணியில் கட்டி, கொதிநீரில் இருபது நிமிடம். ஆறியதும் ஒரு துளி தேங்காயெண்ணெய் தடவி மறுபடி பிசைய வேண்டும். வெளிப்புறம் வெந்து தடித்த தோலும் உள்ளே ஒட்டும் பச்சை மாவும் அப்போதுதான் ஒன்றாகும். பழம் இரண்டானால் வாளித் தண்ணீரில் சில நிமிடத்திலேயே கரைகிறது. ஒன்றோடு நிறுத்தினால் கால் மணிநேரம் முள்ளில் நிற்கிறது. நுவரெலியாக் குளிரில் மா இன்னும் இறுகும், முள் நுனி வெளியே வராமல் போகும். ஆகவே அங்கே உருண்டையைச் சட்டைப்பைக்குள் வைத்து, சுண்டுவிரல் நுனியளவு மட்டும் கிள்ளிப் போட வேண்டும்.

விடியற்காலம் பற்றிய கடல் பழக்கத்தையும் விட வேண்டியிருக்கும். மாசியில் அங்கே அதிகாலைக் குளிர் பத்துப் பாகைக்குக் கீழே இறங்குவதுண்டு. குளிர்ந்த நீரில் கெண்டை மந்தம். ஒன்பது மணிக்குப் பிறகு வெயில் பட்டுச் சூடேறும் ஆழமற்ற ஓரங்களில்தான் மேயத் தொடங்கும். நாலரைக்கு எழும்பிப் போவதில் தடிமனைத் தவிர வேறொன்றும் கிடைக்காது.

வறட்சி மாதங்களில் நீர்மட்டம் இறங்குவது இன்னொரு சிக்கல். மவுசாகலையில், நீர்த்தேக்கத்தில் மூழ்கிய பழைய மஸ்கெலியா ஊரின் கோயில் இடிபாடுகள் வெளியே தெரியும். நீருக்கடியிலும் கல், மரக்குற்றி. மூழ்கும் ஸ்பூன் அங்கே போனால் திரும்பாது, மிதவைத் தூண்டில்தான் சரி. வற்றிய கரை மேலே வெடித்துக் காய்ந்திருந்தாலும் அடியில் சேறு. தடியால் குத்திப் பார்க்காமல் கால் வைக்கக்கூடாது.

வழி கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, கண்டி, கம்பளை, றம்பொடை. சுமார் 260 கிலோமீற்றர். றொட்டுகளுக்கு இரண்டரை அங்குல எஸ்லோன் (பிளாஸ்டிக்) குழாய், நாலடி வெட்டி இருபுறமும் மூடி போட்டாயிற்று. அட்டைக்கடிக்குச் சவர்க்காரக் கட்டி, உப்பு. மிச்சம் கந்தளாய்க் குளத்தில் ஒரு மாலைநேரம் தூண்டில் எறிந்து பார்ப்பது. யானை இறங்கும் ஓரம் என்பதால் இருட்டுமுன் கிளம்ப வேண்டும்.