இனிஷியலுக்கு இடமில்லாத படிவம்

நம் புதுச்சேரிப் பள்ளி வருகைப் பதிவேட்டில் ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் இனிஷியல் இருந்தது. ஒரே வகுப்பில் மு. முருகன், கோ. முருகன், ரா. முருகன். அவரவர் எழுத்துக்கு அவரவர் எழுந்து 'உள்ளேன் ஐயா' என்போம். அந்த ஓரெழுத்துக்குள் அப்பா இருந்தார். பாரிசில் பிறந்த நம் பிள்ளைகளுக்கு அந்த எழுத்து இல்லை. 'நான் யார்' என்ற அவர்கள் குழப்பத்தில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

பிரெஞ்சுப் படிவத்தில் 'நோம்' (குடும்பப் பெயர்), 'பிரெநோம்' (சொந்தப் பெயர்) என இரண்டே கட்டம். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில், 1881 ஆணைப்படி தங்கள் வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற 'ரெனோன்சான்' குடும்பங்கள் அப்போதே குடும்பப் பெயர் வைத்துக்கொண்டன. புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்த 1962 ஆகஸ்ட் 16 முதல் ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமை கேட்டு எழுதிக்கொடுத்த மற்றவர்களில் பலருக்கு அப்படி எதுவும் கிடையாது. தாத்தாவின் சொந்தப் பெயரே 'நோம்' கட்டத்தில் ஏறி, தலைமுறைக்கும் நின்றுவிட்டது. பாரிஸ் புறநகரான சார்செல் பள்ளியில் பதினாலு வயதுப் பெண்ணை ஆசிரியை 'முனுசாமி' என்கிறார். விடுமுறைக்குப் புதுச்சேரி வந்தால், 'அது உன் கொள்ளுத்தாத்தா பேராச்சேம்மா' என்கிறார் அத்தை. இரண்டு ஊரிலும் தன் பெயருக்கு விளக்கம் சொல்லும் பிள்ளையிடம் 'நீ தமிழச்சி, மறக்காதே' என்று மட்டும் சொல்வது கொடுமை. பெயர் வந்த வழியைக் காகிதத்தோடு காட்டுங்கள்.

பிரெஞ்சுக் குடிமக்களாகப் புதுச்சேரியில் பிறந்தவர்களின் பிறப்புப் பதிவுக்குப் பிரான்சின் நாந்த் நகர மத்தியப் பதிவகத்துக்கு எழுதலாம், நகலுக்குக் கட்டணமில்லை. வந்ததும் எழுத்துக் கூட்டலைப் பாருங்கள். 'முத்து' ஆங்கிலத்தில் ஐந்தெழுத்து. பழைய பிரெஞ்சுப் பதிவில் உகரத்துக்கெல்லாம் இரண்டெழுத்து போட்டு ஏழாகியிருக்கும். வேறு நாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டை கேட்கும்போது கோப்பு தடுமாறுவது இங்கேதான். 1947 ஆகஸ்ட் 15க்குப் பின் இந்தியாவோடு இணைந்த பகுதியைச் சேர்ந்தவர்களின் கொள்ளுப்பேரப் பிள்ளைகள் வரை அதற்குத் தகுதி உண்டு. நம் ஊர் அதில் அடங்கும். தலைமுறைக்கு ஒன்றாகப் பிறப்புச் சான்றுகளை வரிசையாக அடுக்குங்கள். கூட்டல் மாறும் இடத்தில் 'இருவரும் ஒருவரே' என்ற உறுதிமொழிப் பத்திரம் தேவைப்படலாம். அட்டை குடியுரிமை ஆகாது, ஓட்டு கிடையாது என்பதையும் பிள்ளைக்குச் சொல்லிவிடுங்கள்.

2022 ஜூலை 1 முதல், பதினெட்டு வயதானவர்கள் 'மேரி' எனும் பிரெஞ்சு நகராட்சி அலுவலகத்தில் விண்ணப்பித்து, அம்மாவின் 'நோம்' பெயருக்கு மாறலாம், இரண்டையும் சேர்த்தும் வைக்கலாம். ஒரு மாதமாவது கழித்து நேரில் போய் உறுதி செய்ய வேண்டும். வாழ்நாளில் ஒரே முறைதான். பாஸ்போர்ட், ஓசிஐ எல்லாம் பின்னாலேயே மாற்ற வேண்டிவரும், அவசரம் வேண்டாம்.

அதுவரை வீட்டில் இனிஷியலை விடாதீர்கள். பள்ளி நோட்டின் கடைசிப் பக்கத்தில், அப்பா எழுத்தோ அம்மா எழுத்தோ முன்னால் போட்டு, 'ரா. யாழினி' என்று அவள் கையாலேயே எழுதட்டும். ழகரத்தின் வால் முதலில் கோணலாகத்தான் வரும்.