ஒளிந்து ஏறிய பையன்: ஒரு சிறுவர் கதை எழுதிப் பார்த்த அனுபவம்

ஒன்பது அத்தியாயத்தில் எட்டு முடிந்துவிட்டது. பிப்ரவரியில் ஆரம்பித்தேன். ஆபீஸ் விட்டு வந்து, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை காலையில் கொஞ்சம் என்று எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்பு படிக்கும் அண்ணன் மகனுக்காக எழுதுவது. "நிஜமா நடந்த கப்பல் கதை வேணும் அத்தை" என்று கேட்டிருந்தான். கேட்டதும் எனக்கு நினைவுக்கு வந்தவன் பெர்ஸ் பிளாக்பரோ.

வேல்ஸில் உள்ள நியூபோர்ட் துறைமுகத்துப் பையன் அவன். இருபது வயதுகூட நிரம்பவில்லை. அண்டார்டிகாவைக் குறுக்காகக் கடக்கப் போகிறோம் என்று எர்னஸ்ட் ஷாக்கிள்டன் என்ற பயணத் தலைவரின் 'எண்டூரன்ஸ்' கப்பல் 1914 அக்டோபரில் அர்ஜென்டினாவின் புயெனஸ் ஐரிஸில் வந்து நின்றது. பிளாக்பரோவும் அவன் கூட்டாளி பேக்வெல்லும் அதில் வேலை கேட்டார்கள். பேக்வெல்லுக்குக் கிடைத்தது, இவனுக்குக் கிடைக்கவில்லை. உடனே பேக்வெல்லும் வால்டர் ஹௌ என்ற மாலுமியும் சேர்ந்து, துணிமணி வைக்கும் ஒரு பெட்டியறைக்குள் இவனைத் திணித்துக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

முதல் அத்தியாயத்தை மூன்று முறை எழுதினேன். முதல் தடவை நியூபோர்ட்டில் தொடங்கி, குடும்பம், துறைமுகம், முதல் கப்பல் வேலை என்று வரிசையாக வந்தேன். அண்ணன் மகன் இரண்டாம் பக்கத்திலேயே ஜன்னல் பக்கம் பார்க்க ஆரம்பித்துவிட்டான். இரண்டாம் தடவை பெட்டியறையிலேயே தொடங்கினேன். பக்கம் முழுக்க இருட்டு, இருட்டு என்று எழுதியிருந்தேன். அதிலும் உயிர் இல்லை. அப்புறம்தான் ஒரு யோசனை வந்தது. பாட்டியின் மர அலமாரியில் கீழ்த்தட்டைக் காலி செய்து, அவனை உள்ளே உட்கார வைத்து, மேலே இரண்டு கம்பளியைப் போட்டு, கதவை ஒரு விரல் இடைவெளி விட்டுச் சாத்தினேன். பக்கத்திலேயே நின்றுகொண்டேன். பத்து நிமிஷம். வெளியே வந்தவன் இருட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "முட்டி வலிக்குது அத்தை. யார் நடந்தாலும் நம்மளைத் தேடித்தான் வர்றாங்கன்னு தோணுது" என்றான். அந்த இரண்டு வரியையும் அப்படியே எடுத்துக்கொண்டேன். மூன்றாம் தடவை எழுதியதில் முட்டி வலியும் தலைக்கு மேலே போகிற காலடிச் சத்தமும்தான் இருக்கின்றன.

கப்பல் நடுக்கடலுக்குப் போன பிறகு அகப்பட்டுக்கொண்டான். ஷாக்கிள்டன் சத்தம் போட்ட சத்தத்தில் கப்பலே ஆடிப்போனது. கடைசியில், "சாப்பாடு தீர்ந்தால் முதலில் தின்னப்படுவது ஒளிந்து வந்தவன்தான், தெரியுமா?" என்று கேட்டாராம். உங்களிடம்தான் சதை அதிகம் ஐயா என்கிற மாதிரி பையன் பதில் சொன்னான் என்று காலங்காலமாகச் சொல்கிறார்கள். அவனைச் சமையல்காரர் சார்லஸ் கிரீனிடம் எடுபிடியாக விட்டார்கள். அதோடு கப்பலில் மொத்தம் 28 பேர்.

சொற்களுக்காக நான் போய் நின்றது எங்கள் தெருக்கோடி தாத்தாவிடம். தூத்துக்குடித் தோணியில் தண்டலாக, அதாவது தோணித் தலைவராக இருந்து கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போய் வந்தவர். நான் 'கப்பலின் முன்பகுதி' என்று எழுதியிருந்ததைக் கேட்டு, "அணியம்னு எழுதும்மா, அதுக்குத்தான் பேர் இருக்கே" என்றார். சுக்கான், பாய் கட்டும் குறுக்குமரமான பருமல் எல்லாம் அவர் வாயிலிருந்து வந்து கதையில் உட்கார்ந்தவை. ஒளிந்து ஏறுகிறவனுக்கு 'கள்ளப் பயணி' என்று போட்டிருந்தேன். "பச்சைப் புள்ளைய ஏன் கள்ளன்னு சொல்ற? ஒளிஞ்சு வந்தவன்னு போடு" என்றார். போட்டுவிட்டேன்.

மூன்றாம், நான்காம் அத்தியாயங்கள் வேகமாக முடிந்தன. 1915 ஜனவரியில் அண்டார்டிகாவை ஒட்டிய வெட்டல் கடலில் பனிக்கட்டிகள் கப்பலைச் சுற்றி இறுகின. மாதக்கணக்கில் பனியோடு சேர்ந்தே கப்பல் நகர்ந்தது. அக்டோபர் 27 அன்று கப்பலைக் கைவிட்டு எல்லாரும் பனித்தரையில் இறங்கினார்கள். நவம்பர் 21 அன்று அது மூழ்கியது. (2022 மார்ச்சில் 3008 மீட்டர் ஆழத்தில் அதைக் கண்டுபிடித்தார்கள். பின்புறத்தில் பெயர் அப்படியே படிக்கிற மாதிரி இருந்த அந்தப் படத்தைக் காட்டியபோது பையன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.)

நான்காவதில் என்னை இரண்டு வாரம் நிறுத்தி வைத்தது ஒரு பூனை. தச்சர் ஹாரி மக்னிஷின் பூனை, பெயர் மிஸஸ் சிப்பி. ஆனால் அது கடுவன். பிளாக்பரோவின் தோளில் அது ஏறி நிற்கிற புகைப்படம் ஒன்று இருக்கிறது. கப்பலைக் கைவிட்ட பிறகு, இனி இவற்றைக் காப்பாற்ற முடியாது என்று ஷாக்கிள்டன் முடிவெடுத்ததில் பூனையையும் நாய்க்குட்டிகளையும் சுட்டுவிட்டார்கள். இதைக் குழந்தைக்குச் சொல்வதா? விட்டுவிடலாம் என்று ஒரு வாரம், பூனை எங்கோ போய்விட்டது என்று மழுப்பலாம் என்று ஒரு வாரம். நிஜமாக நடந்த கதை வேண்டும் என்று கேட்ட பையனிடம் அதைச் செய்ய மனசு வரவில்லை. நான்கே வரியில் உள்ளபடி எழுதினேன். வாசித்து முடித்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அந்தத் தச்சர் என்ன பண்ணினார்?" என்று கேட்டான். அவர் அதை மன்னிக்கவில்லை. ஆனால் ஆறு மாதம் கழித்து, கப்பலிலிருந்து இறக்கிய மூன்று படகுகளில் ஒன்றான 'ஜேம்ஸ் கேர்ட்'டைப் பெருங்கடலுக்குத் தயார் செய்தவர் அதே தச்சர்தான். மேல்தளம் அடிக்க மரம் போதாமல், பனியில் விறைத்துப்போன கித்தானால் மூடினார். இதற்காகவே ஐந்தாம் அத்தியாயத்தில் அவருக்குக் கூடுதலாக ஒரு பக்கம் கொடுத்தேன்.

படகுகளின் அளவு எனக்கே பிடிபடவில்லை. மூன்றில் பெரியது ஜேம்ஸ் கேர்ட், இருபத்திரண்டரை அடி நீளம், சுமார் ஆறு அடி அகலம். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மொட்டை மாடியில் டேப் வைத்து அளந்து, சாக்பீஸால் கோடு போட்டேன். தெருப் பிள்ளைகள் பதினொரு பேரை உள்ளே உட்கார வைத்தேன். பனித்தரை உடைந்ததும் 1916 ஏப்ரலில் எலிஃபண்ட் தீவை நோக்கிப் போனபோது அந்தப் படகில் பதினொரு பேர். பிள்ளைகளுக்கே காலை நீட்ட இடமில்லை. நடுவில் அரிசி மூட்டையும் தண்ணீர்க் குடமும் வைத்ததும் இரண்டு பேர் கோட்டுக்கு வெளியே போய்விட்டார்கள். "இப்படியே ஏழு நாளா?" என்று ஒரு பெண் கேட்டாள். ஏழு நாள்தான். பிளாக்பரோ இருந்தது இதைவிடச் சின்ன படகில், 'ஸ்டான்கம் வில்ஸ்', எட்டுப் பேரில் ஒருவனாக. அந்த ஏழு நாளில் அவனுடைய பாதங்கள் உறைந்து மரத்துப்போயின.

குளிரை எப்படி எழுதுவது? எங்கள் பிள்ளைகளுக்குக் குளிர் என்றால் மார்கழி விடியற்காலை. மீன் மார்க்கெட்டில் உடைத்த ஐஸ் வாங்கி வந்து வாளியில் கொட்டி, தண்ணீரும் கல்லுப்பும் சேர்த்து, இடது காலை உள்ளே விட்டேன். கடல்நீர் உறைவதே சுமார் மைனஸ் 1.8 டிகிரியில். முதல் நிமிஷம் சுட்டது. ஆமாம், நெருப்பு மாதிரி. இரண்டாவது நிமிஷம் எலும்புக்குள் குடைச்சல். மூன்றாவதில் வலி குறைய ஆரம்பித்ததும் பயந்து காலை எடுத்துவிட்டேன். தரையில் ஊன்றினால் என் கால் மாதிரியே இல்லை. ஆறாம் அத்தியாயத்தில் 'குளிர்' என்கிற சொல்லை எல்லாம் அடித்துவிட்டு இந்த வரிசையிலேயே எழுதினேன்: முதலில் சுடும், பிறகு குடையும், பிறகு ஒன்றும் தெரியாது. வலி நின்றதுதான் ஆபத்து என்று பையன் தானாகவே புரிந்துகொண்டான்.

அதே அத்தியாயத்தில்தான் கரையேறும் காட்சி. ஏப்ரல் 15, எலிஃபண்ட் தீவு. அந்தத் தீவில் முதலில் கால் வைக்கும் பெருமை குழுவிலேயே இளையவனுக்குக் கிடைக்கட்டும் என்று ஷாக்கிள்டன் பிளாக்பரோவைப் படகிலிருந்து இறக்கிவிட்டார். இறங்கியவன் அலையிலேயே உட்கார்ந்துவிட்டான். கால்கள் நிற்க மறுத்தன. அவசரத்தில் அதை மறந்துபோன ஷாக்கிள்டன், பார்த்ததும் பதறினார். மற்றவர்கள் அவனைத் தூக்கி மேட்டுக்குக் கொண்டுபோனார்கள். தாத்தாவுக்கு வாசித்தபோது இந்த இடத்தில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

எட்டாவது போன வாரம் முடிந்தது. ஷாக்கிள்டனும் ஐந்து பேரும் ஜேம்ஸ் கேர்டில் ஏறித் தெற்கு ஜார்ஜியா தீவுக்கு உதவி தேடிப் போய்விட்டார்கள். மீதி 22 பேர், இரண்டு படகுகளைக் கவிழ்த்துப்போட்ட குடிசைக்குள். ஜூன் 15 அன்று அங்கேயே பிளாக்பரோவின் இடது கால் விரல்கள் ஐந்தையும் எடுத்தார்கள். டாக்டர் மக்கில்ராய் கத்தி பிடித்தார், டாக்டர் மக்லின் மயக்க மருந்தாகக் குளோரோஃபார்ம் கொடுத்தார். கடுங்குளிரில் குளோரோஃபார்ம் சரியாக ஆவியாகாது. அதனால் பென்குவின் தோல்களை அடுப்பில் போட்டுப் போட்டுக் குடிசையைச் சூடாக்கினார்கள். ரத்தத்தை எழுதவில்லை. அடுப்பில் தோல் போடுகிறவரின் கண் வழியாகவே முழு அத்தியாயமும் போகிறது. இது சரியாக வந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

இனி ஒன்பதாவது. மூன்று தடவை முயன்று பனியால் திரும்பிப்போன பிறகு, நான்காவதாகச் சிலி நாட்டு 'யெல்ச்சோ' கப்பலில், கேப்டன் லூயிஸ் பார்டோவோடு ஷாக்கிள்டன் வந்து சேர்ந்தது 1916 ஆகஸ்ட் 30. எல்லாரும் கரைக்கு ஓடுகிறார்கள். பிளாக்பரோவால் நடக்க முடியாது. அவனை விட்டுவிட்டுப் போகவில்லை. உயரமான ஒரு பாறைக்குத் தூக்கிக்கொண்டு போய், தூக்கப் பையோடு சாய்த்து உட்கார வைத்தார்கள், கப்பல் வருவதை அவனும் பார்க்கட்டும் என்று. அந்தப் பாறையிலிருந்துதான் அத்தியாயத்தைத் தொடங்கப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை வாசிக்க வருகிறேன் என்று தாத்தாவிடம் சொல்லியாயிற்று.