மாமா கடை லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி மாற்றிய கதை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் மாமா ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். அங்கே ஓடிக்கொண்டிருப்பது, அவர் மகள் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப். அவள் வேலைக்குப் போய் புதிது வாங்கிக்கொண்டதும் இது கல்லாப்பெட்டி பக்கத்துக்கு வந்துவிட்டது. இரண்டு கோர் பென்டியம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க், முதலில் 2 ஜிபி ராம், பிறகு இன்னொரு 2 சேர்த்து 4. வந்தபோது விண்டோஸ் 7, சி-டாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸ் இரண்டும் இருந்தன. நடுவில் யாரோ பாஸை அழித்துவிட்டு விண்டோஸ் 10 ஏற்றியிருக்கிறார்கள்.

"ஆன் பண்ணிட்டு டீ குடிச்சிட்டு வந்தாலும் சுத்திக்கிட்டேதான் இருக்கு மாப்ள. வைரஸ்தான் இருக்கும், பாத்துக் குடு" என்றார் மாமா. எனக்கு டிஸ்க் மேல்தான் சந்தேகம். பார்த்தபோது இருவர் சொன்னதிலும் பாதி பாதி உண்மை இருந்தது.

வியாழன் இரவு

டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் சிபியு 15 சதவீதம் கூட இல்லை, டிஸ்க் மட்டும் 100-லேயே நிற்கிறது. டிஸ்க்கைப் பிடித்துக்கொண்டிருந்தவை மூன்று: விண்டோஸ் அப்டேட், சர்ச் இண்டெக்ஸ், எப்போதோ உரிமம் தீர்ந்துபோன ஒரு ஆன்டிவைரஸ்.

இந்த டிஸ்க் நிமிடத்துக்கு 5400 சுற்று. ஒரு சுற்றுக்கு 11 மில்லிசெகண்ட். வேண்டிய இடம் படிக்கும் தலைக்கு அடியில் வரச் சராசரியாக அரைச்சுற்று காத்திருக்க வேண்டும், அதற்கு முன் தலை அந்தத் தடத்துக்கு நகர வேண்டும். ஆக, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும் சின்னக் கோப்புகள் என்றால் நொடிக்கு 60, 70 முறைக்கு மேல் படிக்க முடியாது. ஆன்டிவைரஸின் வேலையோ திறக்கிற ஒவ்வொரு கோப்பையும் முதலில் தான் படித்துப் பார்ப்பது. ஒரே ஆள் உட்கார்ந்திருக்கும் ரேஷன் கடையில் இரண்டு வரிசை நிற்கிற மாதிரிதான். சிபியு எவ்வளவு சும்மா இருந்து என்ன பயன்?

டிஸ்க் வேகத்தை அளக்கும் கிரிஸ்டல் டிஸ்க்மார்க் போட்டேன். பெரிய கோப்பைத் தொடர்ச்சியாகப் படிக்க நொடிக்கு 85 எம்பி. 4 கேபி துண்டுகளாகப் படிக்கச் சொன்னால் 0.3 எம்பி. விளம்பரங்களில் முதல் எண்ணைத்தான் போடுவார்கள். நாம் தினம் அனுபவிப்பது இரண்டாவதை.

அதோடு, டிஸ்க்கின் ஆரோக்கியத்தைச் சொல்லும் கிரிஸ்டல் டிஸ்க்இன்ஃபோ மஞ்சள் காட்டியது. சி5 என்ற வரிசையில் எட்டு செக்டர்கள் (டிஸ்க்கின் சின்னத் துண்டுகள்), படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கின்றன. மஞ்சளைப் பார்த்த பிறகு டிஸ்க்கை நம்பக் கூடாது. கடைக் கணக்கு, அப்பிளிகேஷன் மாதிரிகள், வீட்டுப் போட்டோக்கள் எல்லாவற்றையும் அன்றிரவே வெளி டிஸ்க்கில் எடுத்து வைத்தேன். மற்றதெல்லாம் அப்புறம்.

சனிக்கிழமை

ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) போட முடிவு. 240 ஜிபி போதும் என்றுதான் கிளம்பினேன். ஆனால் டிஸ்க்கை நகல் எடுக்கும் மென்பொருளான குளோன்சில்லா பெரிய டிஸ்க்கைச் சின்ன டிஸ்க்குக்கு அப்படியே நகல் எடுக்காது. பார்ட்டிஷனைச் சுருக்கிவிட்டு, அளவைச் சரிபார்க்காதே என்று தனியாக ஒரு ஆப்ஷனும் கொடுக்க வேண்டும். பழுதாகிவரும் டிஸ்க்கில் பார்ட்டிஷனைச் சுருக்குவது வம்பு. அதனால் புதுச்சேரி போய் கிங்ஸ்டன் ஏ400 480 ஜிபி வாங்கினேன். பில்லோடு வாங்குவது முக்கியம். கொசுறு விலைக்கு 2 டிபி என்று ஆன்லைனில் விற்பதில் பல, உள்ளே சின்ன மெமரி கார்டை வைத்துப் பொய் அளவு காட்டுபவை.

"எஸ்எஸ்டி சீக்கிரம் தேஞ்சிடுமாமே?" என்றார் மாமா. இந்த 480-இல் ஆயுள் முழுக்க எழுதலாம் என்று நிறுவனம் சொல்லும் மொத்த அளவு 160 டிபி. கடையில் நாளுக்கு 10 ஜிபி எழுதினாலும் நாற்பது வருஷம் தாண்டும். அதற்குள் லேப்டாப்பின் கீல் உடைந்துவிடும்.

புதிதாக விண்டோஸ் போடாமல் நகல் எடுத்ததற்குக் காரணம் உண்டு. பாமினி, வானவில் என்ற பழைய தமிழ் எழுத்துருக்கள், தமிழில் தட்டச்சு செய்ய என்எச்எம் ரைட்டர், ஒரு பழைய ஸ்கேனரின் டிரைவர். அந்த டிரைவரின் சிடி எங்கே என்று யாருக்கும் தெரியாது.

ஞாயிறு

கடைக்கு லீவு. முதலில் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்தேன். அது இருந்தால் ஷட்டவுன் செய்தாலும் விண்டோஸ் பாதித் தூக்கத்தில்தான் இருக்கும், பார்ட்டிஷன் சுத்தமாக மூடியிருக்காது, குளோன்சில்லா முரண்டு பிடிக்கும். எஸ்எஸ்டியை யுஎஸ்பி கேபிளில் மாட்டி, பென்டிரைவிலிருந்து பூட் செய்து, ரெஸ்க்யூ ஆப்ஷனோடு நகலை ஆரம்பித்தேன். அந்த ஆப்ஷன் இல்லாவிட்டால் முதல் பழுதான செக்டரிலேயே நின்றுவிடும்.

லேப்டாப்பில் இருப்பது யுஎஸ்பி 2 போர்ட். நொடிக்கு 30 எம்பி, 90 ஜிபிக்குக் கணக்குப்படி 50 நிமிடம். பழுதான இடங்களில் மூச்சு வாங்கி மூச்சு வாங்கிப் போனதில் மதியச் சாப்பாடே முடிந்துவிட்டது.

கழற்றும் வேலை சுலபம். பேட்டரியை எடுத்து, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வெளியேற்றி, அடி மூடியைத் திறந்தால் டிஸ்க் தெரியும். கடலூர் உப்புக்காற்றில் ஸ்க்ரூக்கள் துருப்பிடித்திருந்தன. ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, தலைக்குச் சரியாகப் பொருந்துகிற ஸ்க்ரூடிரைவரால் மெதுவாகத் திருப்பினால் வந்துவிடும். பழைய டிஸ்க் 9.5 மிமீ தடிமன், எஸ்எஸ்டி 7 மிமீ. தகரச் சட்டத்தில் பக்கவாட்டு ஸ்க்ரூ பிடித்துக்கொள்வதால் இந்த வித்தியாசம் தொந்தரவு செய்யவில்லை. பயாஸில் எஸ்எஸ்டிக்கு வேண்டிய ஏஎச்சிஐ முறை ஏற்கெனவே இருந்தது.

பூட் ஆனது. உடனே விண்டோஸின் டிஸ்க் சோதனையான செக்டிஸ்க் ஓட்டினேன், நகலில் விடுபட்டவை தெரியவேண்டுமே. தற்காலிகக் கோப்புகள் சில மட்டும் போயிருந்தன. டிரைவ் ஆப்டிமைஸ் பகுதியில் "சாலிட் ஸ்டேட்" என்று காட்டியது. அப்படிக் காட்டினால் விண்டோஸ் கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் டிஃபிராக் செய்யாது, அழித்த இடம் எது என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் ட்ரிம் மட்டும் அனுப்பும்.

தொடர்ச்சியான வேகம் 265 எம்பிதான் வந்தது. எஸ்எஸ்டி 500 வரை போகக்கூடியது, ஆனால் இந்த லேப்டாப்பில் டிஸ்க்கை இணைக்கும் சாட்டா நொடிக்கு 3 ஜிகாபிட்டோடு நின்றுவிடுகிறது. இதைச் சொல்லித்தான் பழைய லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி வீண் என்கிறார்கள். 4 கேபி எண்ணைப் பாருங்கள்: 0.3 இருந்தது 20 ஆகியிருக்கிறது. பட்டனை அழுத்தியதிலிருந்து வேர்டு திறக்கும் வரை முன்பு நான்கு நிமிடத்துக்கு மேல், இப்போது அரை நிமிடம் சுமார்.

ஒரு சின்ன இடைஞ்சல். பேட்டரியைக் கழற்றியதில் தேதி பழைய வருஷத்துக்கு ஓடிவிட்டது. தேதி தப்பாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ்களை விண்டோஸ் ஏற்காது, அப்டேட்டும் இறங்காது. கையால் தேதியைத் திருத்தியதும் இறங்கியது. தேதியைக் காக்கும் சின்ன பயாஸ் செல்லை மாற்ற வேண்டும்.

திங்கள், கடையில்

இனி மாமா சொன்ன வைரஸ். ஜெராக்ஸ் கடைக்கு வருகிறவர்கள் பட்டா, ஹால் டிக்கெட் என்று பென்டிரைவை நீட்டிக்கொண்டே இருப்பார்கள். ஷார்ட்கட் வைரஸ் இங்கே வெகு காலமாகக் குடியிருக்கிறது: உண்மையான ஃபோல்டரை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஒரு ஷார்ட்கட்டை வைக்கும். கிளிக் செய்தால் ஃபோல்டரும் திறக்கும், பின்னால் ஸ்கிரிப்டும் ஓடும்.

உரிமம் தீர்ந்த ஆன்டிவைரஸை, அந்த நிறுவனமே தரும் நீக்கும் கருவியால் எடுத்தேன். கன்ட்ரோல் பேனல் வழியாக எடுத்தால் சில சமயம் டிரைவர்கள் தங்கிவிடும். எடுத்ததும் விண்டோஸோடே வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் தானாக விழித்துக்கொண்டது. இன்னொன்று உட்கார்ந்திருக்கும்வரை அது ஒதுங்கியே இருக்கும்.

"காசு குடுத்து ஒண்ணு வாங்கிப் போட்டுடலாமா?" என்று மாமா கேட்டார். 1991-இல் சென்னையில் தொடங்கிய கே7 நம் ஊர்த் தயாரிப்பு என்பதில் அவருக்கு ஒரு பாசம். வாங்குவதில் தவறில்லை. ஆனால் இந்தக் கடைக்கு டிஃபெண்டரும் ஒழுங்கான செட்டிங்கும் போதும் என்பது என் கருத்து. எது வைத்தாலும் ஒன்றுதான் இருக்க வேண்டும்.

கவுன்டரில் தினம் திறக்க அட்மின் அல்லாத தனிக் கணக்கு. பென்டிரைவைச் செருகியதும் தானாகத் திறக்கும் ஆட்டோபிளே அணைப்பு. கோப்புப் பெயரின் கடைசி எழுத்துகள் தெரியும்படி மாற்றம், அப்போதுதான் பிடிஎஃப் வேஷம் போட்ட இஎக்ஸ்இ புரோகிராம் கண்ணில் படும். கணக்கு ஃபோல்டருக்குக் கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ், தெரியாத புரோகிராம் எதுவும் அதில் கை வைக்க முடியாது. ஃபுல் ஸ்கேனில் பென்டிரைவை டிஃபெண்டர் வழக்கமாகச் சேர்ப்பதில்லை. அதனால் பென்டிரைவில் வலது கிளிக் செய்து ஸ்கேன் கொடுக்க மாமாவுக்குப் பழக்கினேன். முன்பு இதைச் சொன்னால் யாரும் செய்திருக்க மாட்டார்கள், வரிசையில் நிற்பவர் கத்துவார். இப்போது சட்டென்று முடிகிறது.

வேலை செய்கிறதா என்று பார்க்க ஐகார் சோதனைக் கோப்பு. 68 எழுத்து மட்டும் கொண்ட, எந்தக் கெடுதலும் செய்யாத கோப்பு அது. ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் சோதனைக்கென்றே ஒப்புக்கொண்டது. சேமித்த மறு நொடி டிஃபெண்டர் பிடித்தது. மாமாவுக்கு அந்தச் சிவப்புப் பெட்டியைப் பார்த்ததில்தான் முழுத் திருப்தி.

பாக்கி வேலை

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. இந்தச் சிபியுவை விண்டோஸ் 11 ஏற்காது, அது கேட்கும் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சிப்பும் கிடையாது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் செட்டிங்குகளை ஒத்திசைத்து, பாதுகாப்பு அப்டேட்டுகளுக்கான நீட்டிப்புத் திட்டத்தில் காசில்லாமல் சேர்த்துவிட்டேன். அது 2026 அக்டோபர் 13 வரை. டிஃபெண்டருக்கான வைரஸ் பட்டியல் 2028 அக்டோபர் வரை வரும் என்றாலும், விண்டோஸில் ஓட்டை விழுந்தால் அந்தப் பட்டியல் அதை அடைக்காது.

நகலுக்குப் பிறகு எஸ்எஸ்டியில் மிஞ்சிய இடத்தைப் பிரிக்காமல் விட்டிருக்கிறேன். அங்கே விண்டோஸுக்கு மாற்றாக இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் போட்டு, ஸ்கேனர் வேலை செய்கிறதா, பாமினியில் அடித்த பழைய கோப்புகள் லிப்ரே ஆபீஸில் ஒழுங்காகத் திறக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பாமினி திறந்தால் மாமா ஒத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.