ஜேஎஸ்பி தளத்தை யூடிஎஃப்-8க்கு மாற்றியது: தமிழ் எங்கெங்கே உடைகிறது

யூடிஎஃப்-8 என்பது எல்லா மொழி எழுத்துகளையும் பைட்டுகளாக எழுதும் முறை (என்கோடிங்). தமிழுக்குப் பதில் கேள்விக்குறி வருகிறதா, குப்பை எழுத்து வருகிறதா என்று முதலில் பாருங்கள். குப்பை என்றால் பைட்டுகள் அநேகமாகப் பத்திரமாக இருக்கின்றன, படித்த விதம்தான் தப்பு. கேள்விக்குறி என்றால் பெரும்பாலும் ஜாவா அந்த எழுத்தை ஐஎஸ்ஓ-8859-1க்குள் (தமிழ் இல்லாத பழைய மேற்கு ஐரோப்பிய என்கோடிங்) திணிக்கப் பார்த்து, முடியாமல் கைவிட்டிருக்கிறது. அது டேட்டாபேஸிலேயே அப்படிப் பதிவாகியிருந்தால் மீட்க வழி இல்லை.

எங்கள் தளம் ஜேஎஸ்பி (ஜாவாவில் வலைப்பக்கம் எழுதும் முறை), அதை ஓட்டும் சர்வர் டாம்கேட் 7, டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல். ஜேஎஸ்பி பக்கத்துக்கான அமைப்பு வரியான பேஜ் டைரக்டிவில் என்கோடிங்குக்கு இரண்டு அமைப்புகள் உண்டு. பேஜ்என்கோடிங் என்பது கோப்பை எப்படிப் படிப்பது என்று கம்பைலருக்குச் சொல்வது. கன்டென்ட்டைப்பில் வரும் சார்செட் (என்கோடிங்கின் பெயர்), பிரவுசருக்கு எப்படி அனுப்புவது என்பதற்கு. இரண்டையும் விட்டால் ஐஎஸ்ஓ-8859-1தான். எச்டிஎம்எல்லில் சார்செட் சொல்லும் மெட்டா டேக் போட்டாச்சே என்று இருந்துவிட முடியாது. எச்டிடிபி ஹெட்டர் வேறு சார்செட் சொன்னால் பிரவுசர் ஹெட்டரைத்தான் நம்பும்.

பக்கம் முழுக்கச் சரியாக இருக்க, மேலே உள்ள மெனு மட்டும் சிதைந்து வந்தது. இன்க்ளூட் டைரக்டிவால் சேர்க்கும் கோப்பு ஒவ்வொன்றுக்கும் என்கோடிங் தனித்தனியாகத்தான் தீர்மானிக்கப்படும்; தாய்ப் பக்கத்தில் எழுதியது அதற்குச் செல்லாது. ஒவ்வொரு கோப்பாகத் திறந்து எழுதுவதைவிட, தளத்தின் அமைப்புக் கோப்பான வெப்.எக்ஸ்எம்எல்லில் ஜேஎஸ்பி பிராப்பர்ட்டி குரூப் ஒன்று வைத்து எல்லாவற்றுக்கும் யூடிஎஃப்-8 என்று சொல்லிவிடுவது மேல்.

ஃபார்ம்தான் அதிகம் படுத்தும் இடம். போஸ்ட்டில் (தரவு யூஆர்எல்லில் அல்லாமல் கோரிக்கையின் உடலில் வரும் முறை) வரும் தமிழுக்கு, ஃபார்ம் மதிப்பைப் படிக்கும் கெட்பாராமீட்டரை முதன்முறை அழைப்பதற்கு முன்பே செட்கேரக்டர்என்கோடிங் அழைத்தாக வேண்டும். பிறகு அழைத்தால் பிழைச் செய்தி வராது, பலனும் இருக்காது. இதற்கான ஃபில்டர் (கோரிக்கை பக்கத்தை அடையும் முன் இடையில் ஓடும் நிரல்) டாம்கேட்டுடனேயே வருகிறது. ஆனால் லாகின் ஃபில்டர் முன்னால் நின்று ஒரு பாராமீட்டரைப் படித்துவிட்டால் எல்லாம் வீண், ஆகவே என்கோடிங் ஃபில்டர் வரிசையில் முதலாவதாக இருக்கட்டும். கெட் வழியாக, அதாவது யூஆர்எல்லிலேயே, வரும் தேடல் சொல்லுக்கு இது உதவாது, டாம்கேட்டின் அமைப்புக் கோப்பான சர்வர்.எக்ஸ்எம்எல்லில் கனெக்டருக்கு (கோரிக்கைகளை வாங்கும் பகுதி) யூஆர்ஐஎன்கோடிங் கொடுக்க வேண்டும். டாம்கேட் 8 முதல் அதன் இயல்பு மதிப்பே யூடிஎஃப்-8.

மைஎஸ்க்யூஎல் டேபிள்களை யூடிஎஃப்8எம்பி4க்கு மாற்றுங்கள். வெறும் யூடிஎஃப்8 என்பது எழுத்துக்கு மூன்று பைட் வரைதான். தமிழ் அதில் அடங்கிவிடும், இமோஜி அடங்காது.

சேமித்தது சரிதானா என்று திரையை வைத்து முடிவு செய்யாதீர்கள். சேமித்த பைட்டுகளை அப்படியே காட்டும் மைஎஸ்க்யூஎல்லின் ஹெக்ஸ் ஃபங்ஷனால் எடுத்துப் பாருங்கள். 'அ' சரியாக இருந்தால் ஈ0 ஏஈ 85. சி3 ஏ0 சி2 ஏஈ என்று தொடங்கினால் இருமுறை என்கோடு ஆகியிருக்கிறது: ஃபார்ம் ஐஎஸ்ஓ-8859-1ஆகப் படிக்கப்பட்டு, மறுபடி யூடிஎஃப்-8ஆகச் சேமிக்கப்பட்டதன் அடையாளம்.

இதை லத்தீன்1 வழியாக மைஎஸ்க்யூஎல்லிலேயே திருப்பிவிடலாம் என்று பலர் சொல்வார்கள். இப்படி ஜாவா வழியே உடைந்த தமிழுக்கு அது ஒத்துவராது. மைஎஸ்க்யூஎல்லின் லத்தீன்1 உண்மையில் ஐஎஸ்ஓ-8859-1 அல்ல, விண்டோஸ்-1252 என்ற வேறு என்கோடிங். அதில் 85 (மேலே பார்த்த 'அ'வின் கடைசி பைட்) என்ற இடத்தில் முப்புள்ளி உட்கார்ந்திருக்கிறது, ஜாவா வைத்ததோ கண்ணுக்குத் தெரியாத கன்ட்ரோல் எழுத்து. மாற்றும்போது அது கேள்விக்குறியாகி, 'அ' நிரந்தரமாகப் போய்விடும். ஜாவாவில் சிறு நிரல் எழுதி, சரத்தை ஐஎஸ்ஓ-8859-1 பைட்டுகளாக எடுத்து யூடிஎஃப்-8ஆகப் படித்துத் திரும்ப எழுதுங்கள். பேக்கப் எடுத்த பிறகு, அதுவும் ஹெக்ஸில் இந்த அடையாளம் உள்ள வரிசைகளுக்கு மட்டும்.