பால் காகின் கேள்வி: காதை விடுங்கள், கோட்டைப் பிடியுங்கள்

கலை வரலாற்றுத் தாளில் பிரெஞ்சு ஓவியர் காகின் பற்றிப் பத்து மதிப்பெண் கேள்வி வந்தால், பலருடைய விடையில் பாதிப் பக்கத்தை, அவருடன் தங்கியிருந்த ஓவியர் வான்கோ தன் காதை அறுத்துக்கொண்ட கதை தின்றுவிடுகிறது. பிரான்ஸின் ஆர்ல் நகரில் இருவரும் ஒன்றாக இருந்தது 1888 அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை, சுமார் ஒன்பது வாரம். அதற்கு இரண்டு வரி போதும்.

காகின் ஓரிடத்தில் தங்காத மனிதர். அதனால் வாழ்க்கையை ஊர் வரிசையில் படிப்பதே சுலபம். 1848இல் பாரிஸில் பிறப்பு, பெருவின் லிமாவில் குழந்தைப் பருவம், கப்பல் வேலை, பாரிஸில் பங்குத் தரகு. 1882இல் சந்தை சரிந்தபின் முழுநேர ஓவியம். 1886 பிரான்ஸின் பிரிட்டனி பகுதியிலுள்ள போன்ட் அவென், 1887 கரீபியத் தீவான மார்த்தினிக், 1888 மறுபடி போன்ட் அவென், பிறகு ஆர்ல். 1891 பசிபிக் தீவான தாஹிதி, 1893 பிரான்ஸ், 1895 திரும்பவும் தாஹிதி, 1901 அதே கடலின் இன்னொரு தீவான ஹிவா ஓவா. 1903இல் அங்கேயே மரணம். தரகு வேலையை உதறிவிட்டு நேரே தாஹிதிக்குக் கப்பலேறினார் என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் பிழை. இடையில் சுமார் ஒன்பது வருடம் விழுங்கப்படுகிறது. அவர் பாணி உருவானதே அப்போதுதான்.

அந்தப் பாணியை விளக்க ஒரே படத்தை ஆழமாகப் படித்தால் போதும்: ‘பிரசங்கத்துக்குப் பின் தோன்றிய காட்சி’, 1888. வெள்ளைத் தலையணி போட்ட பிரெத்தோன் (பிரிட்டனி) பெண்கள் முன்னால். வலது மேற்புறத்தில் பைபிளில் வரும் யாக்கோபும் தேவதூதரும் மல்லுக்கட்டுகிறார்கள். நடுவே சாய்ந்த மரம் இரண்டு உலகையும் பிரிக்கிறது. தரை பச்சையில்லை, சிவப்பு. ஏன் சிவப்பு என்பதற்குத்தான் மதிப்பெண். பெண்கள் பார்ப்பது நிலத்தை அல்ல, பிரசங்கம் கேட்டு மனதில் எழுந்த காட்சியை. அதனால் நிறமும் இயற்கையைப் பின்பற்றத் தேவையில்லை. தட்டையான வண்ணப்பரப்பு, அடர்ந்த புறக்கோடு, விழும் நிழல் இல்லாமை, ஜப்பானிய மரக்கட்டை அச்சுப் படங்களின் சாயல் ஆகிய நான்கையும் இந்தப் படத்திலேயே சுட்டிக்காட்டலாம். செவ்வகம் போட்டு, குறுக்கே ஒரு சாய்கோடு, முன்னால் நாலைந்து தலையணி வட்டம் என்று சின்ன வரைபடம் சேர்க்க இரண்டு நிமிடம் ஆகும். ஒரு பத்தியை மிச்சப்படுத்தும்.

காகினை இம்ப்ரஷனிஸ்ட் (கண்ணில் படும் கணநேர ஒளியைச் சின்னத் தீற்றல்களால் பிடித்த குழுவைச் சேர்ந்தவர்) என்று மட்டும் எழுதி நிறுத்துவது அரை உண்மை. 1886 வரை அவர்களுடைய கண்காட்சிகளில் பங்கேற்றார். பிறகு சின்னச் சின்னத் தீற்றல்களை விட்டு, நினைவிலிருந்து வரைவதற்குப் போனார். இன்று அவரை வகைப்படுத்தும் போஸ்ட் இம்ப்ரஷனிசம் (இம்ப்ரஷனிசத்துக்குப் பிந்தையது) என்ற பெயரோ 1910இல் லண்டனில் ஆங்கிலக் கலை விமர்சகர் ரோஜர் ஃப்ரை வைத்தது. காகின் அதைக் கேட்டதே இல்லை.

தாஹிதி படங்களைத் தீவின் ஆவணம்போல எழுதாதீர்கள். 1880 முதல் அது பிரெஞ்சுக் காலனி. கிறிஸ்தவ மிஷனரிகள் அதற்கும் வெகுமுன்பே வந்துவிட்டார்கள். ‘இயா ஒரானா மரியா’ என்ற தாஹிதி ஓவியத்தில் கைகூப்பி நிற்கும் பெண்களின் நிலை, ஜாவாவின் போரோபுதூர் பௌத்தக் கோயில் சிற்பப் புகைப்படத்திலிருந்து எடுத்தது. பதின்மூன்று வயதுச் சிறுமியைத் துணையாக்கிக்கொண்டதாக அவரே எழுதியதையும் மறைக்க வேண்டாம். ஒரு வாக்கியத்தில் நேராகச் சொல்லிவிட்டு ஓவியத்துக்குத் திரும்புங்கள்.

‘நாம் எங்கிருந்து வந்தோம்?’ என்று தொடங்கும் நீண்ட தலைப்புள்ள 1897-98 படம் ஏறக்குறைய 139க்கு 375 செ.மீ., முரட்டுச் சணல் துணியில் வரைந்தது. பழக்கத்தில் இடமிருந்து வலமாக விவரித்தால் பொருள் தலைகீழாகிவிடும்: வலது ஓரத்தில் தூங்கும் குழந்தை, நடுவில் பழம் பறிப்பவர், இடது ஓரத்தில் சாவை எதிர்நோக்கும் கிழவி.