சுருங்கிப்போன ஏழு கிழங்குகளும் அடுத்த முயற்சியும்

முதல் தடவை கைக்கு வந்த 7 ஜெருசலேம் ஆர்டிசோக் கிழங்குகளையும் வீணாக்கியது நான்தான். உருளைக்கிழங்கு மாதிரிதானே என்று கூடையில் போட்டு வைத்தேன். பத்தே நாளில் சுருங்கிவிட்டன. அழுத்தினால் ரப்பர் மாதிரி அமுங்கின. உருளைக்கு இருக்கும் கெட்டியான தோல் இதற்குக் கிடையாது. மெல்லிய தோல் வழியே ஈரம் போய்க்கொண்டே இருக்கும். மனசு கேட்காமல் அவற்றையும் நட்டுப் பார்த்தேன். ஒன்றுகூட முளைக்கவில்லை.

அடுத்த முறை கிழங்கு வந்த அன்றே ஈர மணலில் புதைத்து, ஒரு டப்பாவில் அடைத்து ஃபிரிட்ஜின் அடித்தட்டில் வைத்தேன். மணலைக் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் கசியக் கூடாது. அந்த ஈரம் போதும். ஆறு வாரம் அப்படியே கிடந்தது. காயாமல் இருக்க மட்டும் இல்லை இது. புதிதாகத் தோண்டிய கிழங்கு உறக்கத்தில் இருக்கும், குளிரில் சில வாரம் இருந்தால்தான் அது கலையும். வெளியே எடுத்தபோது இரண்டு கிழங்கில் அரிசி அளவுக்கு வெள்ளை முளை எட்டிப் பார்த்தது.

பாதியை முழுசாக நட்டேன், மீதியை வெட்டி நட்டேன். இந்தக் கிழங்கு இஞ்சி மாதிரி முண்டும் முடிச்சுமாக இருக்கும். ஒவ்வொரு முண்டின் நுனியிலும் ஒரு கண் உண்டு. துண்டுக்கு இரண்டு மூன்று கண், 50 கிராம் எடை என்று கணக்கு வைத்துக்கொண்டு, வெட்டுவாய் உலர ஒரு நாள் நிழலில் விட்டேன். 10 செ.மீ. ஆழம், 40 செ.மீ. இடைவெளி.

16-ஆம் நாள் முழுக்கிழங்கு ஒன்று மண்ணைப் பிளந்தது. துண்டுகள் வர நான்கைந்து நாள் கூடுதலாயிற்று. ஒன்று மட்டும் வரவே இல்லை. தோண்டினால் அதில் கண்ணே இல்லை! அவசரத்தில் பார்க்காமல் போட்டிருக்கிறேன். முழுக்கிழங்கிலிருந்து ஐந்தாறு தண்டு கிளம்பியது. அத்தனையும் விட்டால் கிழங்கு சிறுத்துவிடும் என்று, இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடியோடு பிரித்தேன். தூக்கிப் போட மனமில்லை. கொஞ்சம் வேர் ஒட்டியிருந்த மூன்றைத் தொட்டியில் வைத்து நிழலில் விட்டேன். ஒரு வாரம் தலை தொங்கிக் கிடந்து, அப்புறம் இரண்டு நிமிர்ந்துகொண்டன.

முழங்கால் உயரம் வந்ததும் மண் அணைத்தேன். அப்படியும் ஒரு காற்றில் இரண்டு சாய்ந்தன. ஆளைவிட உயரமாகிற செடி, முதலிலேயே கம்பு ஊன்றியிருக்க வேண்டும். பூ சின்னச் சூரியகாந்தி மாதிரி மஞ்சளாக இருந்தது. இதுவும் அந்தக் குடும்பம்தான், பூர்வீகம் வட அமெரிக்கா. விதைக்காக நான் காத்திருக்கவில்லை. விதை பிடிப்பதே அபூர்வம், பிடித்து முளைத்தாலும் தாய்ச்செடி மாதிரியே வராது.

இலையெல்லாம் காய்ந்து தண்டு பழுப்பான பிறகுதான் தோண்டினேன். துண்டு போட்ட செடிக்குச் சராசரி 1.4 கிலோ, முழுக்கிழங்குச் செடிக்கு 1.6 கிலோ. இவ்வளவுதான் வித்தியாசம் என்றால் இனிமேல் வெட்டித்தான் நடுவேன்.

1605-இல் பிரெஞ்சுப் பயணி சாமுவேல் த ஷாம்ப்ளேன், அமெரிக்கக் கிழக்குக் கரையில் உள்ள கேப் காட் பக்கம் இதைத் தின்று பார்த்து, ஆர்டிசோக் (பூமொட்டைச் சமைத்துத் தின்னும் வேறொரு காய்கறி) சுவை என்று எழுதினார். பச்சையாகக் கடித்த எனக்கு அப்படித் தோன்றவில்லை. நறுக்கென்று, லேசான இனிப்போடு இருந்தது. முதல் நாளே ஆசையாக ஒரு கிண்ணம் வேகவைத்துத் தின்றது தப்பு. இதில் இருப்பது மாவுச்சத்து இல்லை, இன்யூலின் என்ற செரிக்காத நார்ச்சத்து. குடலில் போய்ப் புளிக்கும். ராத்திரி முழுக்க வயிறு மேளம் கொட்டியது.

விதைக்கிழங்கைத் தனியே மணலில் போட்டுவிட்டு, பாத்தியை இரண்டு தடவை கிளறிச் சுத்தமாகப் பொறுக்கினேன். பொறுக்கியதாக நினைத்தேன். அடுத்த பருவத்தில் அங்கே 11 முளை. சுண்டுவிரல் அளவுத் துண்டு தங்கினாலும் போதும்போல. அதனால் இந்த முறை நட்டது எல்லாம் அடியில் ஓட்டை போட்ட பெரிய டிரம்மில். பழைய பாத்தியில் இப்போது தக்காளி. நடுவில் வந்த முளைகளைப் பிடுங்கிவிட்டு, ஓரத்தில் ஒன்றை மட்டும் விட்டிருக்கிறேன், தக்காளிக்கு நிழல் தட்டும் வரைக்கும்.